ஜிம்ப்பில் ஒரு பவளமல்லி ஐகான்: லேயரும் டெக்ஸ்சரும் வைத்துச் செய்யும் முழு வழி

புதிதாக ஐகான் செய்ய உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் தேடுவது டெக்ஸ்சரைத்தான், அதாவது படத்தின் மேல் படியவைக்கும் காகிதம், சுவர் போன்ற மேற்பரப்புப் படத்தை. படத்தை இன்னும் சதுரமாக வெட்டியிருக்க மாட்டார்கள். அதற்குள் பழைய காகிதம், தங்கத் துகள், ஒளிப்பொட்டு என்று பத்து ஃபைல் திறந்து கிடக்கும். பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரும்பாலான ஐகான்கள் கெட்டுப்போவது டெக்ஸ்சர் முந்திக்கொண்டு வந்துவிடுவதால்தான்.

சரியான வரிசை இது: வெட்டு, வெளிச்சம், நிறம், டெக்ஸ்சர், எழுத்து, கடைசியில் சிறிதாக்கல். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது. நடுவில் ஒன்றை இடம் மாற்றினால் பின்னால் வந்து இரட்டை வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே செய்யப்போவது ஒரு ப்ரொஃபைல் ஐகான். சிவப்பு ஆக்சைடு தரையில் உதிர்ந்து கிடக்கும் ஒரு பவளமல்லிப் பூ, அதன் மேல் மூன்று டெக்ஸ்சர், மூலையை ஒட்டி ஓர் எழுத்து. மென்பொருள் ஜிம்ப் என்ற இலவசப் படத்தொகுப்பி. 2.10 இருந்தாலும் சரி, 2025இல் வந்த 3.0 இருந்தாலும் சரி. ஃபோட்டோஷாப், ஃபோட்டோபியா வைத்திருப்பவர்களுக்கும் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படம்), மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு), மோட் (மேல் லேயர் கீழே உள்ளதோடு கலக்கும் முறை) எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். மெனு இருக்கும் இடமும் ஷார்ட்கட்டும் மட்டும் மாறும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் படம். குறுகிய பக்கம் குறைந்தது 1000 பிக்சலாவது இருக்க வேண்டும். வாட்ஸப்பில் சாதாரணமாக ஃபோட்டோவாக அனுப்பிப் பெற்ற படம் வேண்டாம். அனுப்பும்போதே அது அமுக்கப்பட்டுவிடும். டெக்ஸ்சர் போட்டு வெளிச்சத்தைக் கூட்டும்போது, அமுக்கியதால் உண்டான சின்னச் சின்னக் கட்டங்கள் பூ விளிம்பில் பல்லிளிக்கும். போனில் எடுத்த மூல ஃபைலையே கேபிள் போட்டு இறக்குங்கள். வாட்ஸப்தான் வழி என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பவளமல்லி விடியலில் உதிரும். வெயில் ஏறும் முன், தரையில் நிழல் விழாத நேரத்தில் எடுத்த படம் இதற்கு நல்லது. வெள்ளை இதழ் நேர் வெயிலில் வெளுத்துப்போய்விட்டால் பின்னால் எந்த வித்தை செய்தாலும் அந்த நரம்புகள் திரும்ப வராது.

அடுத்து டெக்ஸ்சர். மூன்று போதும்: காகிதம் ஒன்று, சுவர் ஒன்று, ஒளி ஒன்று. நெட்டில் எடுப்பதானால் உரிமம் பார்த்து எடுங்கள். சிசி0 என்று போட்டிருந்தால் கேட்காமல் பயன்படுத்தலாம். நான் வீட்டிலேயே எடுத்துக்கொள்வேன். அதைத்தான் அடுத்துச் சொல்கிறேன்.

எழுத்து வைப்பதானால் யூனிகோட் தமிழ் எழுத்துரு ஒன்று வேண்டும். கவிவனார், மீரா இனிமை போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருவைத் தேர்ந்துவிட்டு யூனிகோடில் தட்டச்சு செய்தால் நீங்கள் கேட்ட வடிவம் வராது. “ஃபான்ட் வேலை செய்யவில்லை” என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

2. டெக்ஸ்சரை வீட்டிலேயே எடுப்பது

மளிகைக்கடைப் பழுப்புக் காகிதப் பை ஒன்றை எடுங்கள். நன்றாகக் கசக்கி, மறுபடி விரித்து, ஜன்னலோரமாக மேசை மேல் போடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று மேடுபள்ளம் தெரியும். ஃபிளாஷ் போட்டால் நேராக அடித்து எல்லா மடிப்பையும் தட்டையாக்கிவிடும். போனைக் காகிதத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். சாய்த்தால் ஒரு மூலை மங்கலாகும்.

சுவருக்கு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் கிடைத்தால் பாக்கியம். திட்டுத் திட்டாகக் கறை படிந்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் போதும்.

ஒளிக்கு, இரவில் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு அதன் முன் சீரியல் செட் ஒன்றைப் போடுங்கள். போன் கேமராவை வேண்டுமென்றே கிட்டத்தில் இருக்கும் விரலுக்கு ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு, விரலை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். விளக்குகள் உருண்டை உருண்டையான ஒளிப்பொட்டுகளாக வரும். பின்னணி ஏன் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது 6ஆம் படியில் புரியும்.

எடுத்த படங்களை அப்படியே போடக் கூடாது. காகிதத்தையும் சுவரையும் ஜிம்ப்பில் திறந்து கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் செய்து சாம்பலாக்குங்கள். காகிதத்தின் பழுப்பு நிறம் உள்ளே வந்தால் ஐகானின் நிறத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது, காகிதம் தீர்மானிக்கும்.

காகிதத்துக்கு இன்னொரு வேலை உண்டு. ஜன்னல் பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும். ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் என்பதற்குள் ஹை பாஸ் இருக்கிறது. அதைத் திறந்து முதல் எண்ணை 40 அளவுக்கு உயர்த்துங்கள். அகலமான வெளிச்ச வேறுபாடு போய், மடிப்புகள் மட்டும் நடுச் சாம்பல் மேல் நிற்கும். இது நமக்கு மிகவும் தேவைப்படும் நிலை.

சுவருக்கு ஹை பாஸ் வேண்டாம். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் (இருட்டையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கட்டம்) திறந்து வலது முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்து, கறை இல்லாத இடமெல்லாம் கிட்டத்தட்ட வெள்ளையாகும் வரை கொண்டுவாருங்கள். ஒளிப் படத்தில் இடது முக்கோணத்தை வலப்பக்கம் தள்ளி, துணியின் நெசவு தெரியாமல் முழுக் கறுப்பாக்குங்கள். ஒளிப்பொட்டின் மஞ்சள் நிறம் மட்டும் இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கும்.

3. வெட்டுவதும், கூடவே ஒரு சின்னச் சன்னல் திறப்பதும்

கிராப் கருவியை எடுத்து, விகிதத்தை 1:1 என்று பூட்டுங்கள். பூ சதுரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைக்கும்படி இறுக்கமாக வெட்டுங்கள். தயங்குவார்கள். “சுற்றிலும் தரை அழகாக இருக்கிறதே” என்பார்கள். பெரிய திரையில் அழகாக இருக்கும் தரை, ஐகான் அளவில் வெறும் சிவப்பு. பூவோ அதில் ஒரு வெள்ளைப் பொட்டு.

பல இடங்களில் ப்ரொஃபைல் படத்தை வட்டமாகக் காட்டுகிறார்கள். சதுரத்துக்குள் பொருந்தும் வட்டம் அதன் பரப்பில் ஏறக்குறைய 78.5 சதவீதம்தான். மீதி நான்கு மூலையிலும் போய்விடும். ஆகவே முக்கியமான எதையும் மூலையில் வைக்காதீர்கள்.

வெட்டியதும் இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் சென்று 800×800 ஆக்குங்கள். இந்த அளவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யூடியூப் சேனல் படத்துக்கு 800×800 போடச் சொல்கிறது. காட்டுவது 98×98 அளவில். டிரீம்வித் போன்ற வலைப்பதிவுத் தளங்களில் ஐகான் 100×100. அதாவது செய்வது 800, பார்ப்பது 100. எட்டில் ஒரு பங்கு.

இப்போது எக்ஸ்சிஎஃப் ஃபைலாக, அதாவது லேயர்களை அப்படியே காக்கும் ஜிம்ப்பின் சொந்த வடிவத்தில், சேமியுங்கள். அப்புறம், வியூ மெனுவில் நியூ வியூ என்பதைச் சொடுக்குங்கள். அதே படம் இன்னொரு சன்னலில் திறக்கும். அதன் ஜூமை 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் உங்கள் 800 பிக்சல் படம் 100 பிக்சலாகத் தெரியும். இதைத் திரையின் ஓரத்தில் கடைசி வரை மூடாமல் வைத்திருங்கள். பெரிய சன்னலில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உடனே இங்கேயும் தெரியும்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க வேண்டியது சின்னச் சன்னலைப் பார்த்து. பெரிய சன்னல் கை வேலை செய்வதற்கு மட்டும்.

4. அடிப்படம், வெளிச்சம், பூவின் எல்லை

அடி லேயருக்கு ‘மூலம்’ என்று பெயரிட்டு, அதைத் தொடவே தொடாதீர்கள். அதன் நகலில்தான் வேலை. லேயரை நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் அழுத்த வேண்டும். ஷிஃப்ட் விட்டுப்போனால் முழுப் படமும் நகலாகித் தனியாகத் திறக்கும். அது தெரியாமல் புதிய படத்திலேயே அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு, “சேமித்த ஃபைலில் ஒன்றுமே இல்லையே” என்று திகைத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நகலுக்கு ‘வெளிச்சம்’ என்று பெயர் வையுங்கள்.

அதில் லெவல்ஸ் திறந்து தரையைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள். இதழ்களின் வெளுப்பான இடம் முழு வெள்ளையான 255ஐத் தொடக் கூடாது, 235 அல்லது 240இல் நிற்கட்டும். மேலே வரப்போகும் ஒளி டெக்ஸ்சர் இன்னும் வெளுப்பேற்றும். அதற்கு இடம் விட்டு வைக்கிறோம்.

அடுத்து, பூவின் எல்லையை ஒரே ஒரு முறை வரைந்து சேமிக்கப்போகிறோம். மூன்று டெக்ஸ்சருக்கும் இதையே பயன்படுத்துவோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரைந்தால் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பூவைச் சுற்றி இரட்டைக் கோடு தெரியும்.

ஷிஃப்ட், கியூ அழுத்துங்கள். படம் முழுக்கச் சிவப்புத் திரை படரும். தரையும் சிவப்பு, திரையும் சிவப்பு என்பதால் நம் படத்தில் எல்லை சரியாகத் தெரியாது. கீழ் இடது மூலையில் உள்ள குயிக் மாஸ்க் பொத்தானில் வலது சொடுக்கு செய்து திரையின் நிறத்தைப் பச்சையாக்கிக்கொள்ளுங்கள். இப்போது வெள்ளை நிறத்தில், ஓரம் மென்மையான பிரஷ்ஷால் பூவின் மேல் தீட்டுங்கள். தீட்டிய இடத்தில் திரை விலகும். இதழ்களின் நடுவில் இருக்கும் செம்பவளக் காம்பையும் சேர்த்துத் தீட்டுங்கள். அதுதான் இந்தப் பூவின் அடையாளம். தவறிப்போனால் கறுப்பால் தீட்டித் திரையைத் திரும்பக் கொண்டுவரலாம்.

மறுபடி ஷிஃப்ட், கியூ. திரை செலக்‌ஷனாக மாறும். செலக்ட் மெனுவில் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) 4 பிக்சல் கொடுத்து, அதே மெனுவில் சேவ் டு சேனல் (தேர்ந்த எல்லையைப் படத்தோடு சேமித்து வைப்பது) சொடுக்கி, ‘பூ’ என்று பெயரிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சேனலைச் சேமித்ததும் ஜிம்ப் அந்தச் சேனலையே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அடுத்து நீங்கள் தீட்டுவதெல்லாம் சேனலில் போய் விழும். ஆகவே சேமித்த கையோடு லேயர்கள் டேபுக்குத் திரும்பி ‘வெளிச்சம்’ லேயரை ஒருமுறை சொடுக்குங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்திச் செலக்‌ஷனையும் விடுவியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புள்ளிக்கோடு மறைய வேண்டும்.

5. நிறம்

ஒரு புதிய லேயர் திறந்து, கலர் பிக்கர் கருவியால் தரையின் நிழலான இடத்தில் ஒரு நிறத்தை எடுத்து நிரப்புங்கள். மோட் சாஃப்ட் லைட், ஒபாசிட்டி (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற சதவீதம்) 25. அவ்வளவுதான்.

நிறத்தைப் படத்துக்குள்ளிருந்தே எடுக்கச் சொல்வது ஏன் என்றால், வெளியே இருந்து கொண்டுவரும் நீலமோ ஊதாவோ வெள்ளை இதழ்மேல் உடனே அழுக்காகத் தெரியும். டெக்ஸ்சருக்கு முன்னால் இதைச் செய்வதற்கும் காரணம் உண்டு. நிறம் மாறும்போது வெளிச்சமும் சற்று மாறும். டெக்ஸ்சரை எவ்வளவு போடலாம் என்பது அந்த வெளிச்சத்தைப் பொறுத்தது.

6. டெக்ஸ்சர்

ஃபைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் கொடுத்து மூன்றையும் கொண்டுவாருங்கள். எல்லாம் வந்து படத்தை மூடிவிடும். பயப்பட வேண்டாம், கண் பொத்தானைச் சொடுக்கி இரண்டை மறைத்துவிட்டு ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

மோட் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கி “எது நன்றாக இருக்கிறது” என்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படித் தேடத் தேவையில்லை. டெக்ஸ்சரின் அடிநிறம் என்ன என்று பாருங்கள். மோட் தானாகத் தெரிந்துவிடும்.

மல்டிப்ளை மோடில் வெள்ளைக்கு எந்த வேலையும் இல்லை. வெள்ளை இருக்கும் இடத்தில் கீழே உள்ள படம் அப்படியே தெரியும், இருட்டு மட்டும் படியும். ஆகவே வெள்ளைத் தரையில் கறை உள்ள சுவருக்கு மல்டிப்ளை. ஸ்கிரீன் மோட் இதற்கு நேர் எதிர். கறுப்பு காணாமல் போய் வெளிச்சம் மட்டும் நிற்கும். கறுப்புத் துணி முன்னால் எடுத்த ஒளிப்பொட்டுக்கு ஸ்கிரீன். சாஃப்ட் லைட், ஓவர்லே, கிரெய்ன் மெர்ஜ் மூன்றிலும் நடுச் சாம்பல் மறையும். அதைவிட வெளுப்பு வெளிச்சமாகவும், இருட்டு நிழலாகவும் இறங்கும். ஹை பாஸ் செய்த காகிதம் இதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். அதற்கு சாஃப்ட் லைட் போடுங்கள். மடிப்பு அழுத்தமாக வேண்டுமானால் கிரெய்ன் மெர்ஜ்.

டெக்ஸ்சரைச் சுத்தம் செய்யாமல் போடுகிறவர்கள் படும் கஷ்டம் இங்கேதான் வெளியே வரும். வெள்ளையாக்காத சுவரை மல்டிப்ளையில் போட்டால் படம் முழுவதும் இருண்டுவிடும். அதை ஈடுகட்ட ஒபாசிட்டியைக் குறைப்பார்கள். உடனே கறையும் மறைந்துவிடும். பிறகு டெக்ஸ்சர் மேல் பழி.

மோட் போட்டாயிற்று. அடுத்து டெக்ஸ்சரின் பருமன். 800 பிக்சல் படத்தில் 8 பிக்சல் அகலமுள்ள கோடுதான் 100 பிக்சலில் ஒரு பிக்சல் ஆகும். 2 பிக்சல் நாரெல்லாம் கால் பிக்சலாகச் சுருங்கி, பக்கத்திலிருப்பவற்றோடு சராசரியாகிவிடும். டெக்ஸ்சர் தெரியாது, படம் மட்டும் மங்கலாகத் தெரியும். “பெரிசா பாத்தா சூப்பரா இருக்கு, சின்னதானா தூசி படிஞ்ச மாதிரி ஆகுது” என்று சொல்வார்களே, அது இதனால்தான். ஆகவே ஸ்கேல் கருவியால் காகிதத்தைப் பெரிதாக்குங்கள், முக்கியமான மடிப்புகள் 8 முதல் 12 பிக்சல் அகலம் வரும் வரை. கேன்வாஸுக்கு வெளியே எவ்வளவு போனாலும் பரவாயில்லை. ஆறேழு பெரிய மடிப்பு தெரிந்தால் போதும்.

இடத்தைச் சரிசெய்யுங்கள். நீளமான மடிப்பு ஒன்று பூவின் நடுவில் குறுக்கே ஓடினால் கண் அங்கேயே போகும். அதை ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒளிப்பொட்டுகள் வெளிச்சம் வரும் திசையிலேயே இருக்கட்டும். பூவின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தால் பொட்டுகள் இடப்பக்க மேற்புறம். இதை மாற்றிப் போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும்.

இடம் முடிவான பிறகு லேயர் மெனுவில் லேயர் டு இமேஜ் சைஸ் கொடுங்கள். மாஸ்க் போடுவது அதற்கு அப்புறம்தான். மாஸ்க் போட்ட பிறகு டெக்ஸ்சரை நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகரும், பூவின் உருவம் பூவை விட்டு விலகிப்போகும்.

சரி, மாஸ்க். காகித லேயரில் வலது சொடுக்கு, ஆட் லேயர் மாஸ்க், அதில் சேனல் என்பதைத் தேர்ந்து ‘பூ’வைக் கொடுங்கள். கீழே இன்வர்ட் மாஸ்க் என்ற கட்டத்தில் டிக் வையுங்கள். மறந்தால் பூவின் மேல் மட்டும் காகிதம் ஒட்டிக்கொண்டு தரை சுத்தமாக இருக்கும்.

இப்போது பூ முழுச் சுத்தமாக, டெக்ஸ்சருக்கு மேல் வெட்டி ஒட்டியது போல இருக்கும். புதியவர்கள் இந்த இடத்தில் திருப்தி அடைந்து நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள். பூவும் தரையும் ஒரே காகிதத்தில் அச்சானது போல இருந்தால்தான் ஐகான் ஒட்டுமொத்தமாகப் பேசும். மாஸ்க் சிறுபடத்தைச் சொடுக்கி, லெவல்ஸ் திறந்து, அவுட்புட் வரிசையின் இடது எண்ணை 0இலிருந்து 70க்கு உயர்த்துங்கள். கறுப்பு சாம்பலாகும். பூவின் மேலும் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாக டெக்ஸ்சர் இறங்கும். சுவருக்கும் ஒளிக்கும் இப்படியே மாஸ்க் போடுங்கள். சுவருக்கு 30 போதும், ஏனென்றால் மல்டிப்ளை வெள்ளை இதழை இருட்டாக்கும். ஒளிக்கு 120 வரை போகலாம்.

மாஸ்க்கில் நான் பார்த்ததிலேயே மிகப் பொதுவான தவறு ஒன்று உண்டு. லேயரில் இரண்டு சிறுபடங்கள் இருக்கும்: இடது டெக்ஸ்சர், வலது மாஸ்க். எதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் இருக்கிறதோ அதில்தான் உங்கள் பிரஷ் வேலை செய்யும். மறைப்பதாக நினைத்துக் கறுப்பால் தீட்டுகிறீர்கள், ஆனால் தேர்வாகியிருப்பது டெக்ஸ்சர். மல்டிப்ளை லேயராக இருந்தால் படத்தில் கறுப்புக் கோடு விழும், உடனே தெரிந்துவிடும். ஸ்கிரீன் லேயராக இருந்தால் கறுப்பு தெரியாமல் மறைந்து, மாஸ்க் செய்தது போலவே தோன்றும். டெக்ஸ்சர் அழிந்துபோனது நாளைக்கு மோடை மாற்றிப் பார்க்கும்போதுதான் தெரியும். தீட்டும் முன் ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளைக் கட்டத்தைப் பாருங்கள்.

அதே காரணத்துக்காக அழிப்பான் கருவியையும் டெக்ஸ்சரில் தொடாதீர்கள். ஜேபெக் டெக்ஸ்சரில் ஆல்ஃபா சேனல் (எந்த இடம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற தகவல்) இருக்காது. அழித்தால் கீழே உள்ள படம் தெரியாமல் பின்னணி நிறம் வரலாம்.

ஒபாசிட்டிக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. தெளிவாகத் தெரியும் வரை ஏற்றுகிறேன், பிறகு சின்னச் சன்னலைப் பார்த்தபடி இறக்கிக்கொண்டே வருகிறேன். கண் பொத்தானை அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன். அணைக்கும்போது “ஏதோ போய்விட்டது” என்று தோன்ற வேண்டும். போட்டிருக்கும்போது டெக்ஸ்சர் என்று தனியாகக் கண்ணில் படக் கூடாது. இந்தப் பவளமல்லிக்கு எனக்குக் காகிதம் 55, சுவர் 35, ஒளி 60 என்று நின்றது. உங்கள் படத்துக்கு வேறாக இருக்கும்.

நான்காவது டெக்ஸ்சர் போடத் தோன்றும். போடாதீர்கள். 100 பிக்சலில் நான்கு டெக்ஸ்சர் சேர்ந்தால் வருவது சேறு.

7. எழுத்தும் விளிம்பும்

ஒரே எழுத்து. பெயர் முழுவதையும் எழுத ஆசை வரும். ஆனால் ஞ, ண, ணை போன்றவற்றின் சுழிகள் ஐகான் அளவில் அடைபட்டுப்போகும். ப, ம, ட போன்று நேர்க்கோடுகள் உள்ள எழுத்துகள் நன்றாக நிற்கும். பவளமல்லிக்கு ‘ப’ வாய்த்தது நல்லதாகிவிட்டது. கோட்டின் தடிமன் 800 அளவில் 16 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும், சிறிதானால் 2 பிக்சல் மிஞ்சும். மூலையிலேயே வைத்துவிடாமல், வட்டத்துக்குள் வரும்படி உள்ளே தள்ளி வையுங்கள்.

பழைய ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஜிம்ப்பில் அந்தத் தொல்லை இல்லை.

எழுத்து லேயரைக் காகித லேயருக்குக் கீழே இறக்குங்கள். மடிப்பு எழுத்தின் மேலும் ஓடும்போதுதான் அது படத்தோடு சேரும். மேலே வைத்துவிட்டு நிழல் போடுகிறவர்கள் அதிகம். ஐகான் அளவில் அந்த நிழல் எழுத்தைச் சுற்றிய அழுக்காகத்தான் தெரிகிறது.

சதுரமாகக் காட்டும் இடத்துக்கு மட்டும் 16 பிக்சல் விளிம்பு வையுங்கள். வட்டமாக வெட்டும் இடத்தில் அது துண்டு துண்டாக அறுபடும்.

8. சிறிதாக்கி வெளியே எடுப்பது

எக்ஸ்சிஎஃப் ஃபைலைச் சேமியுங்கள். இப்போது கன்ட்ரோல், டி. 4ஆம் படியில் வேண்டாம் என்ற அதே ஷார்ட்கட் இங்கே தேவைப்படுகிறது: முழுப் படத்தின் நகல் தனியாகத் திறக்கும். இந்த நகலில்தான் லேயர்களை ஒன்றாக்கி, சிறிதாக்க வேண்டும். மூல ஃபைலையே 100 ஆக்கிச் சேமித்துவிட்டால் திரும்ப வழியில்லை. ஒரு முழு மாலை வேலை எனக்கு இப்படிப் போயிருக்கிறது.

நகலில் ஃபிளாட்டன் இமேஜ், பிறகு ஸ்கேல் இமேஜ் 100×100, அதே கட்டத்தில் இன்டர்போலேஷன் (அளவை மாற்றும் கணக்கு முறை) நோஹேலோ அல்லது க்யூபிக். சிறிதாக்கும்போது படம் கொஞ்சம் குழையும். அதனால் ஷார்ப்பன் (கூர்மையாக்கல்) இதற்கு அப்புறம்தான். ரேடியஸ் 0.6, அமவுன்ட் 0.3இல் தொடங்குங்கள். 800இல் ஷார்ப்பன் செய்தால் அந்தக் கூர்மை சிறிதாகும்போது கரைந்துவிடும். அளவு கூடினால் இதழைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும், உடனே குறையுங்கள்.

சேமிப்பது வேறு, எக்ஸ்போர்ட் வேறு. கன்ட்ரோல், எஸ் எக்ஸ்சிஎஃப்பை மட்டும் எழுதும். பிஎன்ஜி வேண்டுமானால் எக்ஸ்போர்ட் ஆஸ். 100×100 படத்தில் மொத்த நிறத் தகவலே 30,000 பைட்தான். அதனால் ஃபைல் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் பிஎன்ஜி கொடுக்கலாம்.

800 அளவுப் படத்தை ஜேபெக்காகக் கொடுக்க நேர்ந்தால், எக்ஸ்போர்ட் கட்டத்தில் சப்சாம்ப்ளிங் என்பதை 4:4:4 ஆக்குங்கள். மற்ற அமைப்புகளில் ஜேபெக் வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கும். சிவப்புத் தரையும் வெள்ளை இதழும் சந்திக்கும் விளிம்பில் அந்தச் சிவப்பு இதழுக்குள் கசியும். பச்சை இலைப் படத்தில் கண்ணில் படாத குறை இந்தப் படத்தில் பளிச்சென்று தெரியும்.

விண்டோஸ் ஃபோல்டருக்கு ஐகோ ஃபைலாகச் செய்வதானால் 16, 32, 48, 256 என்று நான்கு அளவையும் நான்கு லேயராக ஒரே படத்தில் வைத்து எக்ஸ்போர்ட் செய்யலாம். 16க்கும் 32க்கும் டெக்ஸ்சரை அணைத்துவிடுங்கள். அங்கே பூவும் செங்காம்பும் தெரிந்தாலே பெரிது.

9. நடுவில் எங்காவது நின்றுவிட்டால்

பிரஷ் தீட்டியும் ஒன்றும் விழவில்லை என்றால் எங்கோ ஒரு செலக்‌ஷன் மிச்சம் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ. அப்போதும் விழவில்லையா, எந்த லேயர் தேர்வாகியிருக்கிறது, சேனலில் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

ஃபில்டர்கள் சாம்பலாகி அழுத்த முடியாமல் இருந்தால், நீங்கள் திறந்தது ஜிஃப் போன்ற இன்டெக்ஸ்ட் படமாக (குறிப்பிட்ட சில நிறங்கள் மட்டும் உள்ள படம்) இருக்கலாம். இமேஜ் மெனுவில் மோட், ஆர்ஜிபி.

2.10இல் ஒட்டிய படம் ஃப்ளோட்டிங் செலக்‌ஷன் என்று தொங்கிக்கொண்டு வேறு எதையும் செய்யவிடாது. லேயர் பட்டியின் கீழே புது லேயர் பொத்தானை அழுத்தினால் அது தனி லேயராகும்.

10. அடுத்த ஐகான்

இதே எக்ஸ்சிஎஃப்பில் இன்னொரு பூவை வைத்து அடுத்ததைச் செய்யலாம். புதிய படத்தை ‘வெளிச்சம்’ லேயருக்கு மேலே வையுங்கள். நிற லேயரை அந்தப் படத்திலிருந்து எடுத்த நிறத்தால் மறுபடி நிரப்புங்கள். ‘பூ’ சேனலைப் புதிதாக வரையுங்கள். பழைய மாஸ்க்குகளை நீக்கிவிட்டு, காகிதத்தை 90 பாகை சுழற்றிய பிறகு புது மாஸ்க் போடுங்கள். ஒரே மடிப்பு ஒரே இடத்தில் இரண்டு ஐகானிலும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கண்டுபிடித்துவிடுவார்கள். ஒளிப்பொட்டைச் சுழற்ற வேண்டாம். புதிய பூவின் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்து, தேவையானால் இடவலமாகத் திருப்புங்கள். ஒபாசிட்டி எண்களை மட்டும் அப்படியே நம்பாமல், சின்னச் சன்னலைத் திறந்து முதலிலிருந்து ஏற்றி இறக்கிப் பாருங்கள்.